சம்பந்திகளும் தெருமுனைப் பாலமும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என் அப்பாவும் பின்னால் எனக்கு மாமனார் ஆனவரும் முகத்தைப் பார்த்துக்கொள்வதற்கு முன் வேட்டிக் கரையைத்தான் பார்த்துக்கொண்டார்கள். இவர் கரை ஒரு கட்சி, அவர் கரை இன்னொரு கட்சி. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "போச்சு" என்று சொல்லிவிட்டு, கலந்த காபியை ஆற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

மாமனார்தான் முதலில் பேசினார்.

"சம்பந்தி, பொண்ண எங்களுக்குப் புடிச்சிக்கீது. நம்ம சண்டைய கண்ணாலத்துக்கு அப்பாலிக்கா வெச்சிக்கலாம். இன்னா சொல்றீங்க?"

அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. "வெச்சுக்கலாம். ஆனா கண்டிப்பா வெச்சுக்கணும்" என்றார். அந்த வாக்கை இருவரும் இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீடு தண்டலத்தில். மாமனார் வல்லம் வடகால் பக்கத்து விவசாயி. நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு ஒரு வேன் வாங்கி, கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். யார் எந்தக் கட்சி என்று மட்டும் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் அப்பா பக்கமும் மீதிப்பேர் மாமா பக்கமும் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கமாட்டீர்கள்.

ஞாயிறுதோறும் அப்பா என் புகுந்த வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவர்கள் சண்டை வினோதமானது. எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. "உங்க ஆளுங்க மொள்ளமாரிப் பசங்க சம்பந்தி, சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்திக்குங்க" என்று மாமா சொல்வார். "உங்க ஆளுங்களுக்கு மொள்ளமாரித்தனம் பண்ணக்கூட மூளை கிடையாது, அப்பளம் எடுத்துக்குங்க" என்று அப்பா சொல்வார். கல்யாணமான புதிதில் நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விடுவேன். போகப்போக, சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று பொருள் என்பது புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. ஆட்சி மாறியதும் வசனமும் இடம் மாறும். தன் கட்சி ஆளும்போது, "கொஞ்சம் எடுக்கறாங்கதான், ஆனா வேலய முடிக்கறாங்கல்ல" என்பது பேச்சு. எதிர்க்கட்சி ஆளும்போது, "கையும் சுத்தமில்ல, வேலையும் தெரியல." தேர்தல் முடிவு வந்த மறுவாரம், அப்பா வழக்கமாகச் சொல்லும் வாக்கியத்தை மாமா சொல்வதையும், மாமாவின் வாக்கியத்தை அப்பா சொல்வதையும் நானே காதால் கேட்டிருக்கிறேன். என் கணவருக்கு மறைமலை நகரில் கார் கம்பெனி வேலை. பெயின்ட் ஷாப். "ஷிப்ட் மாறுற மாதிரிதான். மிஷின் அதேதான், ஆளுதான் மாறி உக்கார்றான்" என்பார்.

ஒரு முறை மட்டும் பேச்சு கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. அப்பாவின் கட்சிக்காரர்கள் வேலைக்கு ஆள் வைப்பதில் கை நீட்டுகிறார்கள் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மறுத்தார்.

"உங்க கண்டக்டர் வேல எப்பிடி வந்துச்சி சம்பந்தி?" என்று கேட்டுவிட்டார் மாமா.

"எங்க ஊரு கட்சிப் பெரியவரு சிபாரிசு பண்ணாரு. அஞ்சு பைசா வாங்கல. அது உதவி."

"அன்னிக்கி உங்களோட இண்டர்வியூவுக்கு வந்து, சிபாரிசு இல்லாம திரும்பிப் போனான் பாருங்க, அவங்கிட்ட கேட்டா அது உதவியா?"

அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார். "உங்க நெலத்துக்குப் பணம் சட்டுனு வந்துச்சே. பக்கத்து நெலத்துக்காரர் இன்னும் கோர்ட்டு வாசல்ல நிக்கிறாரு. உங்க ஆளு கமிஷன் எடுத்துக்கினுதான முடிச்சுக் குடுத்தாரு?"

"எடுத்தாரு. ஆனா ஓடியாடி முடிச்சிக் குடுத்தாருல்ல. அது உதவி."

அத்தை, அதாவது என் மாமியார், மோர் ஊற்றிக்கொண்டே, "நமக்குப் பண்ணா உதவி, அடுத்தவனுக்குப் பண்ணா ஊழல். சாப்டு எழுந்திரிங்க" என்றார். அப்பா கிளம்பும்போது மாமாவே வேனில் கொண்டுபோய் விட்டார்.

ஒரகடம் பக்கம் ஒரு லேஅவுட்டில் நாங்கள் மனை வாங்கி வீடு கட்டி, மாமா அத்தையோடு குடிவந்தோம். கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களாகவே சேர்ந்த தெரு. எங்கள் தெரு ஊர்ச்சாலையில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு வாய்க்கால் குறுக்கே போகும். மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏரிக்கு ஓட வேண்டும். அதன் மேல் ஒரு சிறுபாலம். அரசாங்கக் காகிதத்தில்தான் அது சிறுபாலம். இங்கிலீஷில் 'கல்வர்ட்', அது எங்கள் வாயில் எல்லாம் 'கல்வெட்டு'. திறப்பு விழாவுக்குப் பெயர் பொறித்து நட்டுவைக்கிற கல்லுக்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். ஆகவே எங்கள் தெருவில் "கல்வெட்டு ஒடஞ்சிடுச்சி" என்று யாராவது சொன்னால், எது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் குடிவந்தபோது இருந்த பாலம் அப்பாவின் கட்சி ஆட்சியில் கட்டியது. வழி தெரியாமல் உள்ளே நுழைந்த ஒரு கண்டெய்னர் லாரி திரும்பும்போது, பின்சக்கரம் பாலத்துக்குள் இறங்கிவிட்டது. லாரியைக் கிரேன் வைத்துத் தூக்கிய பிறகு மாமா குழிக்குள் இறங்கி, உடைந்த காங்கிரீட்டிலிருந்து ஒரு கம்பியை உருவிக்கொண்டு வந்தார். விரலால் வளைத்தால் வளைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்ததும் அதை அவர் முன்னால் வைத்தார்.

"இது இன்னா சம்பந்தி? கம்பியா, ஊதுவத்திக் குச்சியா?"

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மெல்லிசாத்தான் கீது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அதுக்கு முன்னாடி இங்க பாலமே கிடையாது. பாலம்னு ஒண்ணு வந்ததே எங்க ஆட்சிலதான்."

"வந்துச்சி. போச்சி."

அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. மாமாவின் கட்சிக்காரர்கள் புதுப் பாலம் கட்டினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் கனத்தில் கம்பி கட்டி, லாரி லாரியாக ஜல்லி இறக்கி, கண்ணெதிரே கட்டினார்கள். மாமா தினமும் போய் மேற்பார்வை பார்த்தார். திறப்பு விழாவன்று பாலத்தின் நடுவில் நின்று குதித்துக் காட்டி, "யான நின்னாலும் தாங்கும்" என்றார். தாங்கும்தான். ஆனால் பாலத்தின் அடித்தளத்தை வாய்க்காலைவிட உயரமாகப் போட்டுவிட்டார்கள். முதல் மழையில் தண்ணீர் பாலத்துக்கு அடியில் வந்து, முட்டி நின்று, யோசித்து, வந்த வழியே எங்கள் தெருவுக்குத் திரும்பிவிட்டது.

அப்பா அந்த வாரம் முழுவதும் உற்சாகமாக இருந்தார். போனில் என்னிடம் பேத்தியைப் பற்றிக்கூட விசாரிக்கவில்லை. "சம்பந்திகிட்ட சொல்லு. பாலமும் நிக்குது, தண்ணியும் நிக்குதுன்னு."

ஒயர் ஹார்னஸ், அதாவது காருக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டு, செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் எனக்கு வேலை. எங்கள் மேஜைக்கு வரும் பழுதுகள் இரண்டு வகை. ஒன்றில் செம்பு குறைவாக இருக்கும். இன்னொன்றில் எல்லாம் சரியாக இருக்கும், கனெக்டரை மட்டும் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே சிவப்புக் கூடைக்குத்தான் போகும். எந்தப் பழுது உயர்ந்த பழுது என்று நாங்கள் விவாதிப்பதில்லை. இதை ஒருமுறை இருவரிடமும் சொன்னேன். "அது கம்பெனிம்மா, இது அரசியல்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இருவரும் ஒத்துப்போன அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

மகளுக்குக் காது குத்தினோம். கோயிலில் முடி இறக்கி, காது குத்தி, வீட்டில் சாப்பாடு. மதியப் பந்தி முடியும் நேரத்தில் மழை பிடித்தது. வந்தவர்கள் அவசரமாகக் கிளம்பினார்கள். அம்மாவும் அப்பாவும் தங்கிவிட்டார்கள். மழை விடவில்லை. காலையில் நான் கட்டிலிலிருந்து காலை கீழே வைத்தபோது தண்ணீரில் வைத்தேன்.

கூடத்தில் செருப்புகள் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தன. அத்தை அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, ஸ்டூல் மேல் நின்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அம்மா குழந்தையை டைனிங் டேபிள் மேல் உட்காரவைத்து இட்லி ஊட்டினார். குழந்தைக்கு ஒரே சந்தோஷம். மொட்டைத்தலையும் புதுத் தோடுமாக உட்கார்ந்து, மிதந்து போகிற ஒவ்வொன்றுக்கும் கை தட்டினாள்.

அப்பாவை நினைத்துத்தான் எனக்குப் பயம். அவருக்குச் சர்க்கரை. பாதத்தில் வந்த புண் அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. ஈரம் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆற்று நடுவில் அகப்பட்ட சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "சம்பந்தி, இதுல குந்துங்க" என்றார். வேன் மெயின் ரோட்டில் மேட்டில் நின்றிருந்தது. அதுவரை தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார். நாற்காலியின் ஒரு பக்கத்தை என் கணவரும் மறுபக்கத்தை மாமாவும் பிடித்துத் தூக்கினார்கள். நான் குடையோடு பின்னால் போனேன். மடியில் மாத்திரைப் பையும், முகத்தில் சங்கடமுமாக, சாமி புறப்பாடு மாதிரி அப்பா தெருவில் பவனி வந்தார். அக்கம்பக்கத்து மொட்டைமாடிகளிலிருந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி வழியில் மாமாவின் கால் எதிலோ தட்டி, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்க சம்பந்தி, போட்டுட மாட்டேன்" என்றார் மாமா, மூச்சிரைக்க. "போட்டா, ஆளுங்கட்சி சதின்னு சொல்லுவீங்க."

கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்: "சதின்னு சொல்ல மாட்டேன். உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச வேல அவ்ளோதான்னு சொல்லுவேன்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மறுபடி நாற்காலி ஆடியது. என் கணவர்தான், "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாய மூடுறீங்களா?" என்று கத்தினார். வேனில் ஏற்றிய பிறகு மாமா முதலில் தன் துண்டை எடுத்து அப்பாவின் பாதத்தைத் துடைத்துப் பார்த்தார். கட்டு நனையவில்லை. அவர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடித்த அன்று, இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள். திருடிக் கட்டியது மோசமா, தெரியாமல் கட்டியது மோசமா என்று. சேறு படிந்த சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"பேசிப் பேசியே தண்ணிய வத்த வெக்கப் போறீங்களா? அவங்கவங்க ஆளப் போய்ப் பாருங்க. ஒருத்தருக்கொருத்தரு தொணைக்குப் போங்க."

அப்படித்தான் போனோம். நானும் கூடப் போனேன். போனில் நான் எடுத்த படங்கள் இருந்தன. தவிர, இவர்களைத் தனியாக விட்டால் பாலத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசிவிட்டு வருவார்கள்.

முதலில் அப்பாவின் ஆள். அவருடைய கட்சி அப்போது எதிர்க்கட்சி. அப்பாவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். படங்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. "அருமை! அருமை!" என்றார். அப்பாவுக்குப் புரியவில்லை.

"என்னா அருமை?"

"அண்ணே, அடுத்த மழையில தங்கச்சி கொழந்தைய இடுப்புல வெச்சுகினு தண்ணில நிக்கட்டும். நம்ம பசங்கள அனுப்பறேன், நல்லா வீடியோ எடுப்பாங்க. எலெக்ஷனுக்கு இது போதும்ணே."

"அடுத்த மழைக்குள்ள சரி பண்ணணும்னுதான வந்தேன்" என்றார் அப்பா.

"சரி பண்ணிட்டா எப்பிடிண்ணே?" என்று அவர் சிரித்தார். கேலியே இல்லை, மனதார ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

திரும்பும்போது வேனில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மாமாவுக்கு இது திருவிழா நேரம் அல்லவா, என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் காத்திருந்தேன். அவர் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "சர்க்கர இல்லாம ஒண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து மாமாவின் ஆள். ஆளும் கட்சி என்பதால் வாசலில் கூட்டம். மாமா உரிமையோடு உள்ளே போனார். அந்தக் கட்சிக்காரர் விஷயத்தைக் கேட்டு, யாரிடமோ போனில் பேசி, வைத்துவிட்டு, "முடிஞ்சிது" என்றார்.

"இன்னா முடிஞ்சிது?" என்றார் மாமா.

"அங்க தண்ணி நிக்கலியாம்ணே. ரிப்போர்ட் அப்பிடித்தான் கீது. நம்ம ஆட்சியில எங்க நிக்குது தண்ணி?"

நான் போனை நீட்டினேன். கட்டிலுக்கு அடியில் தண்ணீர், பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா, எல்லாம் இருந்தது. அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மாமாவின் தோளில் கை போட்டார்.

"எதிர்க்கட்சிக்காரனுங்க கெளப்பி வுடறதுண்ணே. வதந்திய நம்பாதீங்க."

மாமா தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். எவ்வளவு துவைத்தும் சேற்றுக்கறை முழங்கால் வரை கோடு போட்டிருந்தது. "எங்க வூட்ல வந்தது வதந்தியாடா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அப்பாதான் அவர் கையைப் பிடித்து, "வாங்க சம்பந்தி, போலாம்" என்று வெளியே கூட்டிவந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. நடந்ததைச் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு, "இவங்கள நம்பிப் பிரயோசனம் இல்லக்கா கேட்டீளா" என்றாள். "டெய்லி நாமதான பஸ்ஸுக்கு ஓடுதோம். ஒரு நாளு பஸ்ஸு நமக்காவ நிக்கட்டும்."

இந்தப் பக்கத்தில் எது நின்றாலும் பொறுப்பார்கள். ஷிப்ட் பஸ் நின்றால் மட்டும் பொறுக்கமாட்டார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்து பார்த்ததில்லை. தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். தயங்கினவர்கள்கூட, வீங்கிப்போன கட்டில்காலையும் கெட்டுப்போன பிரிட்ஜையும் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள்.

முதல் ஷிப்ட் பஸ் வரும் நேரத்துக்கு, அவரவர் கம்பெனி யூனிபாரத்தில், கழுத்தில் ஐடி கார்டோடு, ஊர்ச்சாலையின் குறுக்கே போய் நின்றோம். நீலம், சாம்பல், ஆரஞ்சு என்று வரிசை பார்ப்பதற்கே அழகாக இருந்தது. முதலில் வந்தது என்னுடைய பஸ்தான். டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஏறலியா?"

"இல்லண்ணே, மறிக்கிறோம்."

"அப்பிடியா? நல்லா அகலமா நில்லுங்க, சைடுல பூந்து போயிடப் போறானுங்க. நான் ஒரு டீ சாப்ட்டு வரேன்" என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. ஹாரன் சத்தம். எல்லோர் போனும் அடித்தது. என் சூப்பர்வைசர், "லேட்டா? ரீசன் என்னா?" என்றார். "ரோட்ல மறியல் சார்" என்றேன். "யாரு பண்றது?" என்றார். "நாங்கதான் சார்" என்றேன்.

அப்பாவிடமும் மாமாவிடமும் நாங்கள் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் மாமா வந்தார். வேன் ஓட்டுகிறவர்கள் வழியாகத் தெரிந்திருக்கிறது. அவர் வேனிலிருந்து அப்பாவும் இறங்கினார். போய்க் கூட்டிவந்திருக்கிறார். புண் ஆறிவிட்டிருந்தாலும் அப்பா காலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தார். இருவருமே அவரவர் கரை வேட்டியைக் கட்டியிருந்தார்கள். சாலை நடுவில் துண்டை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் ஒரு கரையைப் பார்த்தார், மறு கரையைப் பார்த்தார், யூனிபாரம் போட்ட எங்களைப் பார்த்தார்.

"இது எந்தக் கட்சி மறியல்?"

"ரெண்டு கட்சியும் சார்" என்றார் மாமா.

"கூட்டணியா?"

"இல்ல சார்" என்றார் அப்பா. "சம்பந்தி."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எங்கள் யூனிபாரங்களை மறுபடி ஒரு தடவை பார்த்தார். வாக்கிடாக்கியில் அவர் பேசியதைவிட, கம்பெனிகளிலிருந்து போன போன்கள்தான் வேலை செய்திருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பொறியாளர் ஒருவர் வந்துவிட்டார். புதிதாக மாற்றலாகி வந்தவர். குனிந்து பாலத்துக்கு அடியில் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, உள்ளதைச் சொன்னார். வாய்க்காலுக்கு அடியில் ஒரு குழாய் போகிறது. அதை மாற்றி வைக்க அனுமதி வாங்கி, அதன் பிறகு ஆழமாகக் கட்டியிருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு அவசரம். குழாய்க்கு மேலேயே தளத்தைப் போட்டுவிட்டார்கள்.

"அப்ப தெரியாம கட்டல. தெரிஞ்சேதான் கட்டிகீறாங்க" என்றார் மாமா மெதுவாக.

பொறியாளர் தேதி சொல்லி, இன்ஸ்பெக்டர் சாட்சியாக நின்ற பிறகுதான் விலகினோம். டிரைவர் அண்ணன் டீ குடித்து முடித்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். அன்று அரைநாள் சம்பளம் போனது. சூப்பர்வைசர் முறைத்துக்கொண்டே, "எங்க தெருவுலயும் இதே பிரச்சனதாம்மா" என்றார்.

வேலை நடந்தது. குழாயைத் தள்ளி வைத்தார்கள், தளத்தை உடைத்துத் தாழ்த்தினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் பாலத்துக்கு அடியில் சளசளவென்று ஓடி ஏரிப் பக்கம் போனது. தெருவே குடையோடு போய் நின்று, ஏதோ அருவியைப் பார்ப்பது மாதிரி வேடிக்கை பார்த்தது.

மழை விட்டதும் பேனர்கள் முளைத்தன. பாலத்தின் ஒரு பக்கம் மாமாவின் ஆள், மக்கள் குறையைக் கேட்ட மாத்திரத்தில் தீர்த்துவைத்ததாகக் கும்பிட்டபடி நின்றார். மறுபக்கம் அப்பாவின் ஆள், தன் தொடர் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று கையை உயர்த்தி நின்றார். மறியலுக்கு இருவருமே வரவில்லை.

அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். பஸ் இறங்கி நடந்து வந்தவர் பாலத்தில் நின்றார். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தன் கட்சிக்காரரின் பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க ஆரம்பித்தார். இறுக்கிக் கட்டியிருந்ததால் நேரம் பிடித்தது. மாமா வீட்டுக்குள்ளிருந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நடந்துபோய், பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகச் சுருட்டி வைத்தார்கள்.

"நல்ல துணியா கீது சம்பந்தி, வேன் மேல போட்டுக்கறேன்" என்றார் மாமா.

"போட்டுக்குங்க. மூஞ்சி கீழப் பக்கம் இருக்கட்டும்" என்றார் அப்பா.

மறுநாள் பார்த்தால் எதிர்ப்பக்கத்து பேனரையும் காணவில்லை. மாமாவிடம் கேட்டேன். "காத்துல பறந்துட்ச்சி போல" என்றார். அன்று இலைகூட அசையவில்லை.

இதனால் இருவரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இருவரும் அவரவர் கட்சியில்தான் இருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் மட்டும். முன்பெல்லாம் அடுத்தவர் கட்சியைத் திட்டுவார்கள். இப்போது அவரவர் கட்சியையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். அதனால் சாப்பாடு முடிய இன்னும் நேரமாகிறது. மாமா தன் ஆளைத் திட்டும்போது அப்பா, "வுடுங்க, அவ்ளோ மோசமும் இல்ல" என்று சமாதானம்கூடச் செய்கிறார்.

தேர்தல் வரப்போகிறது. போன வாரம் அப்பா என்னிடம், "நீ யாருக்கும்மா போடப்போற?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே கையை நீட்டினார்.

"சொல்லாதம்மா. சொன்னன்னு வெய்யி, எங்க ரெண்டு பேருல ஒருத்தருக்கு இன்னிக்கி சோறு எறங்காது."

"ரெண்டு பேருக்கும் எறங்காமலும் போவலாம்" என்றார் அத்தை.

இருவரும் என்னையே பார்த்தார்கள். நான் எழுந்துபோய் ரசம் கொண்டுவந்து ஊற்றினேன்.